கஷ்ட காலத்தில் வேதாகமம் தரும் நம்பிக்கை: அது எப்படி வேலை செய்கிறது?

டிசம்பர் 31 இரவு வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தச் சபைக்குப் போனாலும் உட்கார இடம் கிடைக்காது. பன்னிரண்டு மணி தாண்டியதும் புது வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனத்தைப் போதகர் வாசிப்பார். சில சபைகளில் தட்டில் சின்ன அட்டைகள் வரும், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். ஆசீர்வதிப்பேன், உயர்த்துவேன், பயப்படாதே என்று எல்லாமே நல்ல வசனங்கள். ஜனங்களின் அநியாயத்தைக் கண்டித்துப் பேசின ஆமோஸ் தீர்க்கதரிசியின் திட்டு அட்டையாக வந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வாக்குத்தத்தம் என்றால் கடவுள் மனிதருக்குக் கொடுத்த உறுதிமொழி. அதை அட்டையில் அச்சடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வதில் தப்பு ஒன்றும் இல்லை. சிக்கல் சில மாதம் கழித்து வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். வாரத் தவணை வாங்க ஆள் வந்து வாசலில் நிற்பார். அதே நேரம் பார்த்து அம்மாவுக்குக் கட்டி என்று ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள். "உயர்த்துவேன்னு சொன்னாரே, எங்கே?" என்ற கேள்வி அப்போதுதான் எழும். இதை வீட்டில் கேட்பார்கள், சபையில் கேட்க மாட்டார்கள். கேட்டால் "உனக்கு விசுவாசம் பத்தாது" என்று பதில் வருமோ என்ற பயம்.

கேள்வி நியாயமானது. பைபிளுக்குள்ளேயே பலர் அதைக் கேட்டிருக்கிறார்கள். கிறிஸ்தவ நம்பிக்கை என்பது என்ன, வேதத்தை வாசிப்பதால் அது எப்படி உண்டாகிறது என்பதைப் புதியவர்களுக்கும், கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்கும் புரிகிறபடி சொல்லப் பார்க்கிறேன். வசனங்களை நம் பக்கத்துச் சபைகளில் அதிகம் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் சொற்கள் கொஞ்சம் மாறும்.

நம்பிக்கை என்று எதைச் சொல்கிறோம்?

"எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லுவது ஆறுதல் வார்த்தை. சில நேரம் சரியாகும், சில நேரம் ஆகாது. சொல்லுகிறவருக்கும் அது தெரியும். சிலருக்குச் சுபாவமே அப்படி, எதிலும் நல்லதையே எதிர்பார்ப்பார்கள். அதுவும் நல்ல குணம்தான், ஆனால் வேதம் பேசுகிற நம்பிக்கை அது இல்லை.

வேதத்தில் நம்பிக்கை என்றால், வாக்குக் கொடுத்த கடவுள் இதுவரை என்ன செய்திருக்கிறார் என்பதை வைத்துக்கொண்டு, இனி செய்யப்போவதற்காகக் காத்திருப்பது. அதில் கடந்த காலமும் உண்டு, வரப்போகிற காலமும் உண்டு. நடுவில் இருக்கிற இன்றைய நாள் எப்படி இருக்கும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை. ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதின அப்போஸ்தலர் பவுல் இதை ஒளித்துப் பேசவில்லை. "காணப்படுகிறதை நம்புகிறது நம்பிக்கையல்ல" என்று ரோமர் 8:24-ல் நேராகவே எழுதுகிறார். கைக்கு வந்துவிட்டால் அப்புறம் நம்ப வேண்டிய அவசியம் என்ன?

காசிமேட்டுக்காரருக்குத் தெரிந்த கருவி

எபிரெயர் 6:19 நம்பிக்கையை "ஆத்தும நங்கூரம்" என்கிறது. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் நங்கூர வடிவத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். படகு ஓட்டுகிற ஊருக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். ஆனாலும் பிரசங்கங்களில் இந்த வசனம் வரும்போது "நங்கூரம் இருந்தால் படகு ஆடாது" என்கிற மாதிரி ஒரு கருத்து வந்துவிடுகிறது. கடலுக்குப் போகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

நங்கூரம் போட்ட படகு நன்றாகவே ஆடும். அலை அடிக்கும், தண்ணீர் உள்ளே வரும், வாந்தி வரும். நங்கூரம் காற்றை நிறுத்தாது, கரையைப் பக்கத்தில் கொண்டுவராது. அது செய்வது ஒரே வேலை. கண்ணுக்குத் தெரியாத அடித்தரையைக் கவ்விக்கொண்டு, படகு அடித்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதாமல் பிடித்து வைக்கும். கயிறு போதாவிட்டால் அந்தப் பிடியும் நிற்காது, அதனால் ஆழத்தைப்போலப் பல மடங்கு நீளம் விட வேண்டும். படகுக்குள்ளேயே போட்டு வைத்த நங்கூரத்தால் பிரயோஜனம் இல்லை. படகுக்கு வெளியே, அசையாத ஒன்றில் அது பிடிக்க வேண்டும்.

அந்த வசனம் நங்கூரம் எதில் பிடிக்கிறது என்றும் சொல்கிறது: "திரைக்குள்ளாக". எருசலேம் ஆலயத்தில் கடவுளின் சந்நிதி என்று கருதப்பட்ட உள் அறையை ஒரு திரை மறைத்திருந்தது. இயேசு நமக்கு முன்னோடியாக அங்கே போயிருக்கிறார் என்று அடுத்த வசனம் சொல்கிறது. அதாவது பிடி நம்முடைய மன தைரியத்தில் இல்லை. மனசு விட்டுப்போன நாளிலும் பிடி அங்கேயே இருக்கும்.

இதுவரை பார்த்தது: நம்பிக்கை என்பது நல்லதே நடக்கும் என்ற எதிர்பார்ப்பு இல்லை. அது நமக்கு வெளியே இருக்கிற கடவுளைப் பிடித்துக்கொண்டிருப்பது. ஆட்டம் நிற்காமலே பிடி நிற்கலாம்.

முறையீட்டில் தொடங்குகிறது

வேதம் இந்தப் பிடியை மனிதருக்குள் எப்படி உண்டாக்குகிறது? ஆரம்பமே பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அது அழ விடுகிறது.

சங்கீதப் புத்தகத்தில் 150 பாட்டுகள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் சங்கீதங்கள். கடவுளிடம் நேராகப் போய்த் தன் கஷ்டத்தைச் சொல்லி, ஏன் என்று கேட்கிற பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை வருகிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பித்து, ஐந்தாம் வசனத்தில் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று பாடுகிறவர் வந்து நிற்கிறார். நடுவில் பிரச்சினை தீர்ந்ததாக ஒரு எழுத்தும் இல்லை. சத்துரு அங்கேயே இருக்கிறான். கேட்க ஆள் இருக்கிறார் என்று தெரிந்து கேட்பதே அந்தத் திருப்பத்துக்குப் போதுமானதாக இருக்கிறது.

அந்தத் திருப்பமும் இல்லாத பாட்டு ஒன்று உண்டு, 88-ஆம் சங்கீதம். ஆரம்பம் முதல் கடைசி வரை இருட்டு. சிநேகிதரும் போய்விட்டார்கள் என்று சொல்லி முடிந்துவிடுகிறது. ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. இதைத் தொகுத்தவர்கள் எடுத்துப் போட்டுவிடவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். ஸ்தோத்திரம் சொல்ல வாய் வராதவனும் சபையில் பாடலாம், அவனுக்கும் பாட்டு இருக்கிறது என்று அர்த்தம். நம் சபைகளில் இந்தச் சங்கீதத்தை வாசித்துக் கேட்பது அபூர்வம். அது நமக்கு நஷ்டம் என்றுதான் சொல்லுவேன்.

காலண்டரில் அதிகம் அச்சாகும் வசனங்களில் ஒன்று: "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்." பின்னால் சூரிய உதயப் படம் போட்டிருப்பார்கள். அந்த வசனம் இருப்பது புலம்பல் புத்தகத்தின் 3-ஆம் அதிகாரத்தில். எருசலேம் இடிந்து எரிந்து, பிள்ளைகள் பசியில் மயங்கி விழுந்த தெருக்களைப் பார்த்து எழுதப்பட்ட பாட்டு அது. அதே அதிகாரத்தில், சில வசனங்களுக்கு முன்புதான், நான் கதறினாலும் என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார் என்று பாடினவர் கடவுளைக் குறை சொல்கிறார். ஐந்து அதிகாரமுள்ள புத்தகம் பதில் கிடைக்காமல், எங்களை முழுக்க வெறுத்துவிட்டீரா என்ற கலக்கத்தோடு முடிகிறது. உதயப் படத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பிறகு நினைவு

முறையீடு மட்டும் என்றால் அது சுழன்றுகொண்டே இருக்கும். 77-ஆம் சங்கீதம் அடுத்த படியைக் காட்டுகிறது. கடவுள் இரக்கம் செய்ய மறந்துவிட்டாரோ என்று கேட்டவர், பாதியில் நின்று, கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன் என்கிறார். அப்புறம் எகிப்தில் அடிமையாயிருந்த முன்னோரைக் கடல் வழியே கூட்டிப்போன கதையைத் தனக்கே சொல்லிக்கொள்கிறார். அதில் ஒரு வரி உண்டு: "உமது வழி கடலிலும்... உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று." கூட்டிப்போனார், ஆனால் போகிற நேரத்தில் தடம் தெரியவில்லை.

நம் தெருக்களில் எத்தனையோ வீட்டு வாசலில் "எபெனேசர்" என்று எழுதியிருக்கும். 1 சாமுவேல் 7:12-ல் சாமுவேல் நட்ட கல்லின் பெயர் அது. "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி நட்டார். இம்மட்டும் என்பது இதுவரைக்கும். நாளைக்கு என்ன நடக்கும் என்று அந்தக் கல் சொல்லவில்லை. இதுவரை வந்ததை மறக்காதே என்கிறது.

70 வருஷம் என்று சொன்ன கடிதம்

வாக்குத்தத்த அட்டைகளில் தவறாமல் இடம்பிடிக்கும் வசனம் எரேமியா 29:11. கர்த்தர் உங்கள்பேரில் நினைக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்பது அதன் சாரம். பரீட்சைக்கு முன்னால், வேலை இன்டர்வியூவுக்கு முன்னால் இதைத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். இதற்கு முந்தின வசனத்தை யாரும் அனுப்புவதில்லை. அதில்தான் விஷயமே இருக்கிறது.

கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் ஆயிரக்கணக்கான மக்களையும் பிடித்துக்கொண்டு போனான். சொந்த ஊரைவிட்டுத் தூர தேசத்தில் குடியேற்றப்பட்ட இந்த நிலையைத்தான் சிறையிருப்பு என்கிறோம். எருசலேமில் அனனியா என்ற ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் அறிவித்தார். ஜனங்களுக்கு இனித்திருக்கும். எரேமியா தீர்க்கதரிசி அதற்கு எதிராகப் பாபிலோனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அதுதான் 29-ஆம் அதிகாரம். 10-ஆம் வசனம் சொல்கிறது: 70 வருஷம் ஆகும். பாபிலோன் விழுந்தது கி.மு. 539-ல். கடிதத்தை வாசித்துக் கேட்ட பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே மண்ணாகியிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் "தீமைக்கல்ல" என்று எழுதியிருக்கிறது.

அப்படியானால் அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது கடிதம். பொய் நம்பிக்கை பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திரு என்றது. உண்மையான நம்பிக்கை விதை வாங்கச் சொன்னது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வடசென்னையின் கரையோரக் குடிசைகளிலிருந்து தூரத்தில் இருக்கிற கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களிடம் இந்த அதிகாரத்தைக் காட்டி, போட்ட இடத்தில் பேசாமல் இரு என்று பாடம் நடத்தக் கூடாது. கூலி கொடுக்காமல் வேலை வாங்கி மாளிகை கட்டுகிறவனுக்கு ஐயோ என்று ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னவரும் இதே எரேமியாதான், 22-ஆம் அதிகாரத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் கறுத்துப் போனது. வலையும் படகும் நாசமானவர்கள் நஷ்டஈடு கேட்டு நின்றார்கள். அப்படிக் கேட்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

எரேமியா சொன்னதோடு விடவில்லை. சில வருஷம் கழித்து நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தபோது, அவர் காவல் முற்றத்தில் அடைபட்டிருந்தார். அப்போது தகப்பனின் சகோதரன் மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரி ஏறி நிற்கிற நிலம். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் கையெழுத்துப் போட, முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று என எழுதி வாங்கி, ரொம்ப நாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இனி இந்தத் தேசத்தில் வீடும் நிலமும் திரும்ப வாங்கப்படும் என்பதற்கு அதுவே சாட்சி. பட்டாவுக்காகத் தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்கினவர்களுக்கு இந்த அதிகாரம் சொல்லாமலே புரியும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அடுத்த பகுதி. வாங்கி முடித்துவிட்டு எரேமியாவே குழம்புகிறார். நகரம் கையைவிட்டுப் போகிறதே, நிலம் வாங்கு என்கிறீரே என்று கடவுளிடம் கேட்கிறார். 32-ஆம் அதிகாரத்தை முழுசாகப் படியுங்கள்.

சுருக்கமாக: வேதம் முதலில் முறையிடக் கற்றுக்கொடுக்கிறது. பிறகு கடவுள் செய்ததை நினைவுபடுத்துகிறது. அப்புறம் காத்திருக்கிற காலத்தில் செய்ய வேண்டிய வேலையைக் கையில் கொடுக்கிறது.

"நம்பியிருந்தோம்"

இதுவரை பார்த்தது எல்லாம் யூதருக்கும் பொதுவானது. கிறிஸ்தவரின் நம்பிக்கை இயேசுவின் உயிர்த்தெழுதலில் போய் நிற்கிறது. உயிர்த்தெழுதல் என்றால் சிலுவையில் மரித்து அடக்கம் பண்ணப்பட்டவர் மூன்றாம் நாள் சரீரத்தோடு உயிரோடு எழுந்தார் என்ற அறிக்கை. அவர் நம் நினைவில் வாழ்கிறார் என்ற அர்த்தத்தில் இதைச் சொல்லுவதில்லை.

லூக்கா 24-ல் அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் எருசலேமைவிட்டு எம்மாவு கிராமத்துக்கு நடக்கிறார்கள். ஏறக்குறைய 11 கிலோமீட்டர், ராயபுரத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் நடக்கிற மாதிரி தூரம். வழியில் சேர்ந்துகொண்டவர் இயேசு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவரிடமே, இயேசுதான் இஸ்ரவேலை மீட்பவர் என்று "நம்பியிருந்தோம்" என்கிறார்கள். முடிந்துபோன நம்பிக்கை. அவரோ உடனே தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. மோசே முதல் தீர்க்கதரிசிகள் வரை வேதத்தை எடுத்து விளக்கிக்கொண்டே கூட நடக்கிறார். சாப்பிட உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறக்கிறது. வழியில் அவர் பேசினபோதே இருதயம் கொழுந்துவிட்டு எரிந்ததே என்று பிறகு சொல்லிக்கொள்கிறார்கள். அந்த ராத்திரியே திரும்பி எருசலேமுக்கு நடக்கிறார்கள்.

ராயபுரத்துக்கே தன் பெயரைக் கொடுத்த ராயப்பர், அதாவது மீனவர் பேதுரு, தன் முதல் நிருபத்தின் ஆரம்பத்தில் "ஜீவனுள்ள நம்பிக்கை" என்று எழுதுகிறார். இயேசு மரித்தோரிலிருந்து எழுந்ததால் அது வந்தது என்கிறார். பவுல் இன்னும் கறாராகப் பேசுகிறார். கிறிஸ்துவை இந்த உலக வாழ்க்கைக்காக மட்டும் நம்பினால் எல்லா மனிதரைவிடவும் நாம்தான் பரிதாபத்துக்குரியவர்கள் என்பது 1 கொரிந்தியர் 15:19. கடன் தீரும், வீடு கட்டுவாய் என்பதோடு நிறுத்திக்கொள்கிற பிரசங்கத்தை இந்த வசனத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிசாசும் சங்கீதம் சொன்னான்

2020-ல் கொரோனா சென்னையில் ராயபுரம் மண்டலத்தை மிக மோசமாகத் தாக்கியபோது, 91-ஆம் சங்கீதம் வீட்டுக்கு வீடு ஒலித்தது. வாதை உன் கூடாரத்தை அணுகாது என்கிற சங்கீதம். ஜெபமாகச் சொல்ல அருமையானது. தடுப்பூசி போல நினைத்தால்தான் ஆபத்து. மத்தேயு 4-ல் பிசாசு இயேசுவை ஆலய உப்பரிகைமேல் நிறுத்தி, குதி, தூதர் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். அவன் எடுத்துச் சொன்னது இதே சங்கீதத்தைத்தான். கர்த்தரைப் பரீட்சை பாராதே என்று இயேசு மறுத்துவிட்டார்.

ஜெபித்த பிறகு மாத்திரையை நிறுத்து என்று யாராவது சொன்னால் 2 தீமோத்தேயு 4:20-ஐக் காட்டுங்கள். தன் கூட்டாளி துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார். தன் இளம் உடன் ஊழியர் தீமோத்தேயுவின் வயிற்று நோவுக்கு அவர் சொன்னது அன்றைய கைவைத்தியம், கொஞ்சம் திராட்சரசம். அவருடைய கூட்டாளி லூக்கா ஒரு வைத்தியர். மனசு தாங்க முடியாத நிலைக்குப் போனால் ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

எங்கே ஆரம்பிப்பது?

வசனத்தைத் தனியாக எடுக்காமல் அதிகாரத்தை வாசியுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். முதலில் 13-ஆம் சங்கீதம், சத்தமாக, உங்கள் பெயரிலேயே. அப்புறம் 77. நேரம் இருக்கிற நாளில் எரேமியா 29-ஐயும் 32-ஐயும் சேர்த்து. பிறகு லூக்கா 24. ரோமர் 8 கடைசியில் வரட்டும். கஷ்டத்தின் முதல் வாரத்தில் அதற்குள் நுழைய எல்லாராலும் முடியாது.

முக்கியமாக, துக்க வீட்டுக்குப் போகும்போது ரோமர் 8:28-ஐ, அதாவது சகலமும் நன்மைக்கு என்பதை, வாசலிலேயே சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் மூன்று சிநேகிதர் வந்து ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் பிரச்சினை வந்தது. கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபித்துக்கொண்டது முறையிட்ட யோபுவின்மேல் இல்லை, விளக்கம் சொன்ன அந்த மூன்று பேர்மேல்தான்.